மூச்சை நிறுத்தச் சொன்ன எந்திரம்: இதயப் படமெடுப்பின் வரலாற்றில் ஒரு கேள்வி

 

இதயமும் நுரையீரலும் மார்புக்கூட்டுக்குள் ஒட்டி வாழும் உறுப்புகள். ஒன்று துடிக்கிறது, மற்றொன்று விரிந்து சுருங்குகிறது. இரண்டும் உயிருள்ளவரை ஓயாதவை எனினும், அவற்றுக்கிடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. மூச்சுக்கு ஓரளவேனும் ஆணையிடலாம். இதயத்துக்கு ஆணையிட இயலாது. "இருபது நொடி மூச்சை நிறுத்துங்கள்" என்று ஒருவரிடம் சொல்ல முடியும். "இருபது நொடி இதயத்தை நிறுத்துங்கள்" என்று எவரிடமும் சொல்ல முடியாது.

எம்.ஆர்.ஐ. வழியாக இதயத்தைப் படமெடுக்கும் நுட்பத்தின் வரலாற்றை இவ்வேறுபாடு பெருமளவு தீர்மானித்தது என்பதே இப்பதிவின் வாதம். இதயத் துடிப்பைப் பொறுத்தவரை எந்திரம் தொடக்கத்திலேயே உடலுக்குப் பணிந்தது. துடிப்பின் தாளத்துக்கேற்பத் தன் வேலையை ஒழுங்குபடுத்திக்கொண்டது. மூச்சைப் பொறுத்தவரையோ உடலே எந்திரத்துக்குப் பணியுமாறு கேட்கப்பட்டது. ஆணையிட முடிந்ததால் ஆணையிட்டார்கள். அவ்வாணையை நிறைவேற்ற இயலாதவர்கள் யார், அவர்களுக்காக எந்திரம் எப்போது, எவ்வாறு மாறியது என்பதைப் பின்தொடர்வது வெறும் பொறியியல் வரலாறு அன்று.

மொழியியல் பயின்ற ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி எழலாம். மூச்சை நிறுத்தச் சொல்வது ஒரு பேச்சுச் செயல். அது ஒரு மொழியில் சொல்லப்படுகிறது. ஒருவரால் புரிந்துகொள்ளப்படுகிறது அல்லது புரியாமல் போகிறது. அத்துடன், ஒரு துறை தன் இடர்ப்பாடுகளுக்கு எப்பெயர்களைச் சூட்டுகிறது என்பதும் மொழியியலின் அக்கறைக்குரியதே.

அசையாப் பொருளில் தொடங்கிய கலை

1973இல் பால் லாட்டர்பர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சிறு கட்டுரையே இத்துறையின் பிறப்புச் சான்று. காந்தப்புலத்தின் வலிமையை இடத்துக்கு இடம் சீராக மாற்றினால், அணுக்கருக்கள் எழுப்பும் வானொலிக் குறிகைகளைக் கொண்டு அவை எங்குள்ளன என்பதைக் கணிக்கலாம் என்று அவர் காட்டினார். காந்தப்புலமும் வானொலிப்புலமும் இணைந்து செயற்படுவதால் அம்முறைக்கு 'சூக்மட்டோகிராஃபி' என்று பெயரிட்டார். 'நுகத்தடி' எனப் பொருள்படும் 'சூக்மா' என்ற கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. இலக்கண நூல்களில் ஒரே சொல் இரு தொடர்களை இணைத்து நிற்கும் அணிக்கும் அதுவே பெயர். பெயர் நிலைக்கவில்லை, முறை நிலைத்தது. அவர் படமெடுத்தது நீர் நிரம்பிய இரு நுண்குழாய்களை. அவை துடிப்பதும் இல்லை, மூச்சுவிடுவதும் இல்லை. அசையாமை என்ற எடுகோள் இக்கலையின் கருவிலேயே இருந்தது.

1975இல் சூரிக் நகரில் அனில்குமார், டீட்டர் வெல்ட்டி, ரிச்சர்ட் எர்ன்ஸ்ட் ஆகிய மூவரும் இம்முறையை ஃபூரியே கணிதத்தின் மீது நிறுவினர். முதலாமவர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய இந்திய இயற்பியலர். இன்று உலகெங்கும் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படங்களில் மிகப் பெரும்பாலானவை இவர்கள் காட்டிய வழியின் வாரிசுகளே.

இவ்வழியின் இயல்பை ஓரளவு விளக்கினால்தான் மூச்சு ஏன் இடர்ப்பாடாயிற்று என்பது விளங்கும். புகைப்படக் கருவி ஒரே கணத்தில் முழுக் காட்சியையும் பெற்றுவிடுகிறது. எம்.ஆர்.ஐ. அவ்வாறு செய்வதில்லை. அது படத்தைப் புள்ளி புள்ளியாகவும் பதிவதில்லை. படத்தில் அடங்கிய அலைவடிவங்களை, பரந்தவை முதல் நுண்ணியவை வரை, வரி வரியாக அளந்து சேர்க்கிறது. இவ்வரிகள் தொகுக்கப்படும் கணித வெளியை 'கே-வெளி' என்பர். எல்லா வரிகளும் சேர்ந்த பின்னரே கணக்கீட்டின் வழி படம் பிறக்கிறது. ஒவ்வொரு வரியும் படத்தின் ஏதோ ஒரு மூலைக்கு மட்டும் உரியதன்று. முழுப் படத்துக்கும் உரியது. ஆகவே ஒரு வரி அளக்கப்படும்போது உடல் ஓரிடத்திலும், அடுத்த வரியின்போது வேறோரிடத்திலும் இருந்தால், அம்முரண்பாடு படம் முழுதும் பரவுகிறது.

1977இல் ரேமண்ட் டமேடியன் தம் குழுவினருடன் மனித மார்பின் முதற் படத்தை எடுத்தபோது அதற்கு ஏறத்தாழ ஐந்து மணிநேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் எந்திரத்துக்குள் இருந்தவர் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார். 1980இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் எடெல்ஸ்டீன், ஹட்சிசன் முதலியோர் உருவாக்கிய 'ஸ்பின் வார்ப்' முறை அசைவின் தாக்கத்தைக் கணிசமாகக் குறைத்து, நோயாளிகளின் உடலைப் பயன்தரும் வகையில் படமெடுக்க வழிவகுத்தது. எனினும் இதயம் எட்டாக்கனியாகவே இருந்தது.

பேயுருக்கள்

அமைதியாக மூச்சுவிடும் ஒருவரின் உதரவிதானம் ஒவ்வொரு மூச்சிலும் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை ஏறி இறங்குகிறது. அதன்மேல் அமர்ந்திருக்கும் இதயமும் உடன் அசைகிறது. இதயத்துக்கே குருதி அளிக்கும் கரோனரித் தமனிகளோ இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் விட்டமே உடையவை. தேடும் பொருளைக் காட்டிலும் அதன் இடப்பெயர்ச்சி பன்மடங்கு பெரிது.

இதயத் துடிப்பின் சிக்கல் 1980களின் முற்பகுதியிலேயே பெரிதும் தீர்ந்தது. இ.சி.ஜி. குறிகையைக் கண்காணித்து, ஒவ்வொரு துடிப்பின் ஒரே கட்டத்தில் மட்டும் அளவெடுத்தால், இதயம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே வடிவில் கிடைக்கும். எந்திரம் காத்திருந்தது, இதயம் தன் போக்கில் துடித்தது.

மூச்சின் தடயங்கள் வேறுவிதமானவை. நெஞ்சுச் சுவரின் கொழுப்பு எம்.ஆர்.ஐ.யில் ஒளிர்ந்து தெரியும். மூச்சின் சீரான அசைவால் அக்கொழுப்பின் வெளிறிய நகல்கள் இதயத்தின் மீது வரிசையாகப் படிந்தன. இவற்றுக்கு ஆய்வாளர் சூட்டிய பெயர் 'பேய்கள்'. 1985இல் டொராண்டோவின் மைக்கேல் வுட்டும் மார்க் ஹெங்கெல்மனும் இப்பேயுருக்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதைக் கணித அடிப்படையில் விளக்கினர். உடல் எத்திசையில் அசைந்தாலும், பேயுருக்கள் வரிகள் அடுக்கப்படும் திசையிலேயே தோன்றும். காரணம் எளிது. ஒரு வரிக்குள் அளவெடுக்க மில்லிநொடிகளே ஆகின்றன; வரிக்கும் வரிக்கும் இடையேதான் மூச்சு தன் வேலையைச் செய்கிறது.

அதே 1985இல் பெய்ல்ஸ், பைடர், ஃபர்மின் முதலிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் முன்வைத்த தீர்வு நுட்பமானது. வயிற்றைச் சுற்றிக் கட்டிய உணரியைக் கொண்டு மூச்சின் நிலையை அறிந்து, அதற்கேற்ப எவ்வரியை எப்போது அளப்பது என்னும் வரிசையை மாற்றினர். கே-வெளியில் அண்டை வரிகள் மூச்சின் அண்டை நிலைகளில் அளக்கப்பட்டதால், சீரான முரண்பாடு மறைந்து பேயுருக்கள் தேய்ந்தன. 'ரோப்' எனப்பட்ட இம்முறையில் நோயாளி எதுவும் செய்ய வேண்டியதில்லை. இயல்பாக மூச்சுவிட்டால் போதும். உடலுக்குப் பணியும் எந்திரம் என்ற கருத்து, மூச்சைப் பொறுத்தவரையிலும் இவ்வளவு முன்னரே முளைவிட்டிருந்தது என்பது குறிக்கத்தக்கது. ஆனால் பேயுருக்கள் அகன்ற பின்னும் மங்கல் எஞ்சியது. கரோனரித் தமனியைக் காண அது போதவில்லை.

ஆணை

1990களின் தொடக்கத்தில் எந்திரங்கள் வேகம் பெற்றன. 1991இல் அட்கின்சனும் எடெல்மனும் ஒரு துடிப்புக்கு ஒரு வரி என்பதற்கு மாறாக, ஒரு துடிப்புக்குப் பல வரிகளைச் சேகரிக்கும் முறையை வெளியிட்டனர். கணக்கு எளியது. 128 வரிகள் தேவையெனில், துடிப்புக்கு ஒன்றாக எடுத்தால் 128 துடிப்புகள், அதாவது இரண்டு நிமிடங்கள் வேண்டும். துடிப்புக்கு எட்டாக எடுத்தால் 16 துடிப்புகள் போதும். பதினாறு துடிப்புகள் ஒருவர் மூச்சடக்கும் நேரத்துக்குள் அடங்கும். இரண்டே ஆண்டுகளில், 1993இல், மேனிங், லீ, எடெல்மன் ஆகியோர் மூச்சடக்கி எடுத்த கரோனரிப் படங்களை வழக்கமான ஆஞ்சியோகிராம் படங்களுடன் ஒப்பிட்ட ஆய்வு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. துறையே எழுச்சி கொண்டது.

இவ்வெற்றியைக் குறைத்து மதிப்பிட முடியாது. துடிக்கும் இதயத்தின் அசைபடங்கள் இன்றளவும் உலகெங்கும் பெரும்பாலும் இம்முறையிலேயே எடுக்கப்படுகின்றன. ஆயினும் அதன் விலையை யார் செலுத்தினர் என்று கேட்க வேண்டும். நலமான இளைஞருக்குப் பதினாறு துடிப்புகள் ஒரு பொருட்டன்று. இதயச் செயலிழப்பு உள்ளவர் மல்லாந்து படுக்கவே திணறுவார். அவரிடம் ஒருமுறை அன்று, ஒரு சோதனையில் பத்து இருபது முறை மூச்சடக்கச் சொல்ல வேண்டும். சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, செயற்கைச் சுவாசக் கருவியைச் சற்றே நிறுத்திப் படமெடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. எவருடைய இதயத்தைக் காண வேண்டிய தேவை மிகுதியோ, அவரே இவ்வாணையை நிறைவேற்ற மிகுதியும் இயலாதவர். இம்முரணே இவ்வரலாற்றின் மையம்.

மேலும், மூச்சடக்கிய உடல் அசைவற்ற உடல் என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. 1998இல் ஹாலண்ட், கோல்ட்ஃபார்ப், எடெல்மன் ஆகியோர், மூச்சடக்கியிருக்கும்போதும் உதரவிதானமும் இதயமும் மெல்ல நகர்வதை அளந்து காட்டினர். ஒரு மூச்சடக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே இதயம் நிற்கும் இடமும் மாறிவிடுகிறது. ஆணை பிறப்பித்த குழுவினருள் ஒருவரே அதன் எல்லையையும் அளந்தது அறிவியலின் நல்ல மரபு.

இனி மொழிக்கு வருவோம். மூச்சின் இறுதி நிலை, அதாவது காற்றை வெளியேற்றிய பின் நிற்கும் நிலை, முறைக்கு முறை மாறாமல் அமைவது. ஆகவே பல மையங்கள் அந்நிலையில் நிறுத்தச் சொல்கின்றன. 'உள்ளே இழுங்கள், வெளியே விடுங்கள், அப்படியே நிறுத்துங்கள்' என மூன்று வினைகள் வரிசையாக வருகின்றன. தமிழில் 'மூச்சு விடுதல்' காற்றை வெளியேற்றுவதையும் குறிக்கும். சுவாசித்தல் என்னும் முழுச் செயலையும் குறிக்கும். 'மூச்சு விடாதீர்கள்' என்பது காற்றை வெளியேற்றாதீர்கள் என்பதா, சுவாசிக்காதீர்கள் என்பதா? 'மூச்சு நின்றுவிட்டது' என்பது நம் வழக்கில் இறப்பின் செய்தி. 'மூச்சுப்பிடிப்பு' ஒரு நோவின் பெயர். பேச்சுவழக்கில் இச்செயலுக்குத் துல்லியமாகப் பொருந்துவது 'தம் கட்டுதல்'. பாரசீகத்தில் மூச்சைக் குறிக்கும் 'தம்' இந்தி, உருது வழியாக நம்மிடம் வந்து தங்கிய சொல் அது. யோக மரபோ பூரகம், கும்பகம், இரேசகம் என மூன்றையும் ஐயத்துக்கிடமின்றிப் பிரித்து வைத்துள்ளது. ஆனால் அச்சொற்களைப் படுக்கையில் கிடக்கும் நோயாளியிடம் சொல்லிப் பயனில்லை.

ஒரே மொழி பேசுவோரிடையிலேயே இவ்வளவு இடறல் எனில், மொழி மாறும்போது? வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலூருக்கு மருத்துவம் நாடி வருவோர் ஆயிரக்கணக்கானோர். வட இந்தியப் பெருநகரங்களில் கூலி வேலை செய்யும் தமிழரும் அவ்வாறே பிறமொழிச் சூழலில் நோயாளியாகின்றனர். காதை அடைக்கும் எந்திர ஒலிக்கிடையே ஒலிபெருக்கியில் வரும் மூன்று வினைச்சொற்கள், உரிய வரிசையில், உரிய நொடியில் புரிந்தாக வேண்டும். புரியாதபோது படம் கெடுகிறது. படம் கெட்டால் அறிக்கையில் 'நோயாளியின் ஒத்துழைப்புப் போதவில்லை' என்ற பொருள்படும் தொடர் இடம்பெறுகிறது. இத்தொடரின் எழுவாய் யார் என்பதைக் கவனியுங்கள். முறையின் போதாமை, மனிதரின் போதாமையாக இலக்கணத்தால் மாற்றப்படுகிறது.

வழிகாட்டி

ஆணைக்கு மாற்றான பாதை 1989இலேயே திறக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரிச்சர்ட் எமன், ஜோயல் ஃபெல்ம்லீ ஆகியோர், படத்துக்கான அளவுகளுக்கு இடையிடையே இடப்பெயர்ச்சியை மட்டும் அறியும் சிறு அளவொன்றைச் செருகினர். அதன் பெயர் 'நேவிகேட்டர்'. கப்பலுக்கு வழிசொல்லும் மாலுமி. இதயப் படங்களில் இது பெரும்பாலும் வலப்புற உதரவிதானத்தின் முகட்டில், கல்லீரலும் நுரையீரலும் சந்திக்கும் எல்லையில் வைக்கப்படுகிறது. அவ்வெல்லை தெளிவாகத் தெரிவதால் அதன் ஏற்ற இறக்கத்தை எளிதில் அளக்கலாம். உதரவிதானம் குறித்த ஓர் இடைவெளிக்குள், பொதுவாக ஐந்து மில்லிமீட்டருக்குள், இருக்கும்போது கிடைத்த அளவுகள் ஏற்கப்படும், மற்றவை தள்ளப்படும். நோயாளி இயல்பாக மூச்சுவிடலாம்.

ஆனால் உதரவிதானம் இதயமன்று. இவ்விரண்டின் உறவு என்ன? 1995இல் யீ வாங், ரீடரர், எமன் ஆகியோர் அதனை ஆராய்ந்தனர். மேல்கீழ்த் திசையில் உதரவிதானம் நகரும் தொலைவில் ஏறத்தாழ 0.6 பங்கு இதயம் நகர்கிறது என்ற எண் அவ்வாய்வின் வழி பரவலாயிற்று. உதரவிதானத்தை அளந்து, 0.6ஆல் பெருக்கி, படமெடுக்கும் தளத்தை அதற்கேற்ப நகர்த்தும் முறை நடைமுறைக்கு வந்தது. அதே ஆய்வு, இவ்விகிதம் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவதையும் காட்டியிருந்தது. சராசரி நடைமுறையாயிற்று; வேறுபாடு அடிக்குறிப்பாயிற்று. புள்ளியியலைப் பயன்படுத்தும் எத்துறையினருக்கும் பழகிய கதைதான் இது.

2001இல் கிம், டானியாஸ், ஸ்டூபர், மேனிங் உள்ளிட்டோர் பல மையங்களில் 109 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு இம்முறையின் உச்சம். அவர்கள் மூச்சடக்கவில்லை. ஆராய்ந்த கரோனரிப் பகுதிகளில் 84 விழுக்காடு படித்தறியத்தக்க தெளிவுடன் கிடைத்தன.

எனினும் இங்கும் ஓர் ஆணை மறைந்திருந்தது. மூச்சு சீராக இருக்க வேண்டும் என்பதே அவ்வாணை. ஒழுங்கற்று மூச்சுவிடுவோரின் அளவுகளில் பெரும்பகுதி தள்ளப்பட்டது, சோதனை நீண்டது, நேரம் நீள நீளச் சோர்வில் மூச்சின் போக்கே மாறி, உதரவிதானம் அந்த ஐந்து மில்லிமீட்டர் வாயிலை விட்டு விலகிப்போவதும் நேர்ந்தது. 'ஏற்பு', 'நிராகரிப்பு' என்பவையே இக்கட்டத்தின் கலைச்சொற்கள். எந்திரம் இப்போது கட்டளையிடவில்லை, தேர்வு வைத்தது.

கணக்கின் பொறுப்பு

2000க்குப் பின் இரு மாற்றங்கள் ஏறத்தாழ ஒருங்கே நிகழ்ந்தன. முதலாவது, இடைத்தரகரை நீக்கியது. கே-வெளியை இணை வரிகளால் நிரப்பாமல், சக்கரத்தின் ஆரைகளைப் போல மையத்தினூடே செல்லும் கோடுகளால் நிரப்பினால், ஒவ்வொரு கோடும் மையத்தை அளக்கிறது. அதிலிருந்து இதயம் எங்குள்ளது என்பதை நேரடியாகவே கணிக்கலாம். 2005இல் ஸ்டெனிங், பெர்னெர்ட் முதலியோர் இவ்வாறு முழு இதயத்தின் கரோனரிப் படத்தைப் பெற்றனர். உதரவிதானம் வேண்டியதில்லை, 0.6 என்ற சராசரியும் வேண்டியதில்லை. ஒவ்வொருவரின் இதயமும் தன் அசைவுக்குத் தானே சான்று பகர்ந்தது. அளவுகளைத் தள்ளுவதற்கு மாறாகத் திருத்தும் வழியும் இதனால் வலுப்பெற்றது. சோதனை எவ்வளவு நேரம் நீளும் என்பதை முன்கூட்டியே சொல்லவும் முடிந்தது.

இரண்டாவது மாற்றம் கணிதத்தில் நிகழ்ந்தது. அதே 2005இல் பிலிப் பேட்ச்லரும் உடன் ஆய்ந்தோரும், உடலின் அசைவையே படம் பிறக்கும் சமன்பாட்டின் ஓர் உறுப்பாக எழுதலாம் என்று காட்டினர். அசைவு தெரிந்தால், எவ்வளவு சிக்கலானதாக இருப்பினும், சமன்பாட்டைத் தலைகீழாகத் தீர்த்து அசையாத படத்தைப் பெறலாம். அசைவு தெரியாவிட்டால்? 2008இல் பிரான்சின் நான்சி நகரிலிருந்து ஃப்ரெடி ஓடில் குழுவினர் படத்தையும் அசைவையும் ஒன்றையொன்று சார்ந்த இரு தெரியாக் கணியங்களாகக் கொண்டு, இரண்டையும் மாறி மாறித் திருத்தி ஒருங்கே தீர்க்கும் முறையை வெளியிட்டனர். இங்குதான் பொறுப்பு இடம் மாறுகிறது. 1991இல் நோயாளியின் நுரையீரலில் இருந்த சுமை, 2008இல் கணிப்பொறியின் நினைவகத்துக்குப் பெயர்ந்துவிட்டது.

பிழையிலிருந்து சான்றுக்கு

இவ்வளவுக்குப் பின்னும் ஓர் எண்ணம் மாறவில்லை. மூச்சு ஒரு பிழை. நீக்கப்பட வேண்டியது அல்லது திருத்தப்பட வேண்டியது. அவ்வெண்ணம் அசைந்தது 2016இல். நியூயார்க்கில் லீ ஃபெங், ஓடாசோ முதலியோர் வெளியிட்ட 'எக்ஸ்டி-கிராஸ்ப்' என்னும் முறையில், அளவுகள் எவையும் தள்ளப்படவில்லை. ஒரே நிலைக்கு இழுத்துத் திருத்தப்படவும் இல்லை. மாறாக, மூச்சின் எந்நிலையில் கிடைத்தவை என்பதைக் கொண்டு வகைப்படுத்தப்பட்டன. வகைக்கு ஒரு படம். ஒவ்வொரு வகையிலும் அளவுகள் குறைவாகவே இருக்கும். அக்குறையை, 2007இல் லஸ்டிக், டோனோஹோ, பாலி ஆகியோர் எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுவந்த, குறைந்த அளவுகளிலிருந்து படத்தை மீட்கும் கணிதம் ஈடுசெய்தது. 2018இல் அதே ஃபெங்கும் ஸ்டூபர் உள்ளிட்டோரும் வெளியிட்ட முறை, வெளியின் மூன்று பரிமாணங்களோடு இதயத் துடிப்பை நான்காவதாகவும், மூச்சை ஐந்தாவதாகவும் கொண்டது. பேயெனப் பெயரிடப்பட்டது பரிமாணம் ஆயிற்று.

நம் துறையினருக்கு இந்நகர்வு அந்நியமானதன்று. ஒரு காலத்தில் பேச்சின் வேறுபாடுகள் மொழியமைப்பை மறைக்கும் இரைச்சலாகக் கருதப்பட்டன. 1960களில் வில்லியம் லபோவ் அவ்வேறுபாடுகளுக்கே ஒழுங்குண்டு என்று காட்டினார். சுவடிப் பதிப்பிலும் அப்படியே. ஒத்துவராத சுவடியை ஒதுக்குவது ஒரு வழி. பாடபேதங்களை வகைப்படுத்திப் பதிவுசெய்வது மற்றொரு வழி. பின்னதைச் செய்த பதிப்புகளே காலத்துக்கும் பயன்படுகின்றன.

மூச்சைச் சான்றாகக் கொள்வது வெறும் கணித அழகுக்காக அன்று என்பதற்கு ஒரு நோயே சான்று. இதயத்தைச் சூழ்ந்த உறை தடித்து இறுகிவிடும் நோயொன்று உண்டு. இந்தியாவில் அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று காசநோய். இறுகிய உறைக்குள் இதயம் விரிய இடமில்லை. மூச்சை உள்ளிழுக்கும்போது வலப்புறத்தில் குருதி மிகுதியாக நிரம்ப, இரு கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவர் இடப்புறமாகத் தள்ளப்படுகிறது; மூச்சை விடும்போது மீள்கிறது. இவ்வசைவு நோயை அறிவதற்கான முக்கியமான அடையாளம். இயல்பாக மூச்சுவிடும்போது, துடிப்புக்குத் துடிப்பு நிகழ்நேரத்தில் எடுக்கும் படத்தில் இது கண்ணுக்குத் தெரியும். மூச்சடக்கி எடுத்த மிகத் தெளிவான படத்தில் தெரியாது. தெளிவுக்காக நிறுத்தச் சொன்ன அதே மூச்சில்தான் நோயின் செய்தி இருந்தது.

எஞ்சியுள்ளது

இவ்வரலாற்றை ஆணை, தேர்வு, திருத்தம், சான்று என நான்கு படிகளாக நான் காண்கிறேன். ஆனால் ஒரு படி வந்ததும் முந்தையது மறைந்துவிடவில்லை. ஆய்வுக்கூடங்களில் மூச்சு ஐந்தாம் பரிமாணமாகிவிட்ட பின்னும், நடைமுறையில் இதய எம்.ஆர்.ஐ.யின் பெரும்பகுதி இன்றும் மூச்சடக்கலை நம்பியே நடைபெறுகிறது. புதிய முறைகளுக்கு மிகுந்த கணிப்பு வளமும், அதனைக் கையாளத் தெரிந்தோரும் வேண்டும். அவை எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. மூச்சடக்க இயலாத நோயாளிகளோ எல்லா மருத்துவமனைகளிலும் உள்ளனர்.

ஆகவே இரு பணிகள் நம் முன் உள்ளன. பொறியியல், கணிதம் பயில்வோர் புதிய முறைகளை எளிய கருவிகளிலும் இயங்குமாறு செய்ய வேண்டும். ஃபூரியே வழிக்கு அடித்தளமிட்ட மூவருள் ஒருவரைத் தந்த நாட்டில் இது பேராசையன்று. மொழி பயில்வோர் செய்ய வேண்டியது சிறியது, ஆனால் இன்றே செய்யத்தக்கது: மூச்சடக்கச் சொல்லும் அந்த மூன்று தொடர்களை ஒவ்வோர் இந்திய மொழியிலும், நோயாளிகள் உண்மையில் பேசும் வழக்கில், பொருள் மயக்கமின்றி அமைத்துச் சோதித்துப் பார்ப்பது. இத்தகைய ஆய்வுக்கு ஒரு குரல்பதிவுக் கருவியும் பொறுமையும் போதும்.

ஒரு கருவி யாரை மனத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்டது என்பதை அதன் கையேடு சொல்வதில்லை. அக்கருவி யாரிடம் தோற்கிறது என்பதே சொல்லும். அடுத்த முறை 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்ற தொடரைக் காணும் மருத்துவ மாணவர், எழுவாயை மாற்றி எழுதிப் பார்க்கலாம்: 'எங்கள் முறை இந்நோயாளியின் மூச்சுக்கு ஈடுகொடுக்கவில்லை'. செய்தி ஒன்றே. ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி இரண்டாவது தொடரிலிருந்துதான் பிறக்கும்.

கதிரியல், மருத்துவ இயற்பியல் துறைகளைச் சார்ந்தோர் தம் மையங்களில் எம்மொழிகளில், எச்சொற்களால் மூச்சடக்கச் சொல்கிறார்கள் என்பதைப் பகிர்ந்தால் பெரிதும் பயன்படும்.